மருத்துவத் துறையில் பெண்: பழைய வாதங்களும் அவற்றுக்கு எழுந்த பதில்களும்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில், வைத்தியத் துறையில் பணியாற்றும் பழைய மாணவிகளாகிய எம்மிடம் இம்மலருக்கு ஒரு கட்டுரை கேட்கப்பட்டது. கல்லூரி ஈன்ற வைத்தியர்களின் பெயர்களையும் பட்டங்களையும் நிரல்படுத்துவது எளிது. அப்பணியை மலரின் வேறு பக்கங்கள் செய்யும். நாம் இங்கு எழுத விரும்புவது, பெண்கள் வைத்தியராவதற்கு எதிராகச் சொல்லப்பட்ட வாதங்கள் எவை, அவற்றுக்கு யார், எவ்வாறு பதில் சொன்னார்கள் என்பதையே. அவ்வாதங்களுட் சில இன்னும் விடுதிகளிலும் விரிவுரை மண்டபங்களிலும் எங்கள் சொந்த வீடுகளிலும் உலாவுவதால், இதனை வெறும் பழங்கதையென்று எண்ண வேண்டாம்.

எடின்பரோவில் நடந்தது

1869 ஆம் ஆண்டு சோபியா ஜெக்ஸ்-பிளேக் என்னும் ஆங்கிலப் பெண் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க விண்ணப்பித்தார். ஒரு பெண்ணுக்காக மாத்திரம் தனி ஏற்பாடு செய்ய இயலாது என்று பதில் வந்தது. அவர் பத்திரிகை மூலம் தம்மைப் போன்ற மற்றப் பெண்களைத் தேடிச் சேர்த்துக் கொண்டு மீண்டும் விண்ணப்பித்தார். எழுவராகப் பெருகிய அக்குழுவே பின்னாளில் 'எடின்பரோ எழுவர்' எனப் பெயர் பெற்றது. அவர்கள் சேர்த்துக் கொள்ளப்பட்டார்கள். ஆனால் ஆண்களோடு ஒரே வகுப்பில் இருக்க அனுமதியில்லை. தனி வகுப்புக்குரிய ஏற்பாட்டையும் மேலதிகக் கட்டணத்தையும் அவர்களே பார்த்துக் கொள்ள வேண்டியிருந்தது.

முதலாண்டு இரசாயனவியற் பரீட்சையில் அக்குழுவைச் சேர்ந்த ஈடித் பீச்சி, முதன்முறை தோற்றியோருள் முதலிடம் பெற்றார். வழமைப்படி அவ்விடத்துக்கு ஒரு புலமைப்பரிசில் உண்டு. அது அவருக்கு மறுக்கப்பட்டு, அவருக்குக் கீழே நின்ற ஆண் மாணவருக்கு வழங்கப்பட்டது. பெண்கள் தனி வகுப்பில் படித்தவர்கள், ஆகவே அவர்கள் அவ்வகுப்பைச் சேர்ந்தவர்களல்லர் என்பது சொல்லப்பட்ட நியாயம். தனி வகுப்பு அவர்கள் கேட்டுப் பெற்றதா, அவர்கள்மீது சுமத்தப்பட்டதா என்று எவரும் கேட்கவில்லை.

1870 நவம்பர் 18 அன்று உடற்கூற்றியற் பரீட்சைக்காக அப்பெண்கள் சத்திரசிகிச்சையாளர் மண்டபத்துக்குச் சென்றபோது இருநூறு பேருக்குக் குறையாத கூட்டம் வழி மறித்தது. சேறு வாரி எறிந்தார்கள். வாயிற்கதவை முகத்திலடித்தாற்போல் சாத்தினார்கள். பரீட்சை நடந்துகொண்டிருக்கையில் ஓர் ஆட்டையும் மண்டபத்துக்குள் தள்ளிவிட்டார்கள். பெண்கள் கலங்காது பரீட்சை எழுதி முடித்தார்கள். அந்த நாட்களில் அவர்களுக்குத் துணையாக வீடுவரை நடந்து சென்ற ஆண் மாணவர்களும் இருந்தார்கள் என்பதையும் மறக்கலாகாது.

வாய் திறந்ததற்கான விலையும் கொடுக்கப்பட்டது. அக்கலவரத்தில் பேராசிரியர் ஒருவரின் உதவியாளருக்குப் பங்குண்டென ஜெக்ஸ்-பிளேக் பகிரங்கமாகச் சொன்னார். அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. 1871 இல் யூரிமார் வாதிக்கு வழங்கிய நட்டஈடு ஒரேயொரு பார்தின், அதாவது ஒரு பென்னியின் காற்பங்கு. ஆனால் வழக்குச் செலவோ ஆயிரம் பவுணை அண்டியது. அது ஜெக்ஸ்-பிளேக்கின் தலையில் விழுந்தது. அதனைப் பொதுமக்கள் பணம் சேர்த்துக் கட்டினார்கள். 1873 இல் ஸ்கொத்லாந்து நீதிமன்றமும் பெண்களுக்கு எதிராகவே தீர்த்தது. எழுவரும் எடின்பரோவில் பட்டம் பெறாமலே வெளியேறினார்கள்.

அவர்கள் அத்துடன் ஓயவில்லை. 1874 இல் இலண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1876 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, பரீட்சை நடத்தும் நிறுவனங்கள் விரும்பினால் பெண்களுக்கும் தகுதி வழங்கலாம் என்றது. ஜெக்ஸ்-பிளேக் 1877 இல் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் பட்டமும் டப்ளினில் தொழில் உரிமமும் பெற்றார். எடின்பரோ பல்கலைக்கழகம் அவ்வெழுவருக்கும் கௌரவப் பட்டம் வழங்கியது 2019 இல். எழுவரும் மறைந்து நெடுங்காலமாகிவிட்டமையால், இக்காலத்து மாணவிகள் எழுவர் மேடையேறி அவற்றைப் பெற்றுக் கொண்டார்கள்.

'பெண்ணுடல் தாங்காது' என்ற வாதம்

கூச்சலையும் சேற்றையும் காட்டிலும் ஆபத்தானது விஞ்ஞானத்தின் பெயரால் வந்த வாதம். 1873 இல் ஹார்வாட் மருத்துவப் பேராசிரியராயிருந்த எட்வேர்ட் கிளாக் ஒரு நூல் எழுதினார். பருவமடையும் வயதில் பெண் பிள்ளைகள் ஆண்களைப் போலப் படித்தால் இரத்தமும் சக்தியும் மூளைக்குப் போய்விடும், இனப்பெருக்க உறுப்புகள் வளர்ச்சி குன்றும், மாதவிடாய்க் காலத்தில் அவர்களுக்கு ஓய்வு வேண்டும் என்பது அந்நூலின் சாரம். ஆதாரமாக அவர் காட்டியவை தாம் கண்ட ஒரு சில நோயாளிகளின் கதைகளே. நூல் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டது. அடுத்த ஆண்டு இலண்டனில் மனநோய் மருத்துவர் ஹென்றி மோட்ஸ்லியும் அதே கருத்தைச் சஞ்சிகையொன்றில் எழுதினார்.

இதற்குப் பதில் சொன்னவர்கள் பெண் வைத்தியர்கள். அவர்கள் பதில் சொன்ன முறையை இன்றைய மாணவிகள் கவனிக்க வேண்டும்.

வாசார் மகளிர் கல்லூரியின் வைத்தியரான அலிடா ஏவரி, கல்லூரியின் ஏட்டைப் பார்த்தார். கிளாக் சொன்ன கதைகளில் ஒன்றிலே வரும் பெண் பதினான்கு வயதில் வாசாரிற் சேர்ந்தவளாம். அவ்வயதில் எவரையும் நாங்கள் சேர்ப்பதில்லையே என்று அவர் எழுதினார். ஒரு சேர்வு விதியைச் சுட்டிக் காட்டியதே போதுமாயிருந்தது.

இலண்டனில் எலிசபெத் கரெட் அன்டர்சன் மோட்ஸ்லிக்குப் பதிலளித்தார். வீட்டு வேலைக்காரப் பெண்கள் மாதம் முழுவதும் கடுமையாக உழைக்கிறார்கள்; அவர்களுக்கு மாதவிடாய் ஓய்வு வேண்டுமென்று இந்த வைத்தியர்களில் எவரும் கேட்டதில்லை; படிக்கும் பெண்ணைக் கண்டவுடன் மட்டும் இந்தக் கரிசனை எங்கிருந்து வந்தது என்பது அவர் வாதத்தின் உட்பொருள். எங்கள் ஊர்ப் புகையிலைத் தோட்டத்திலும் வயலிலும் உழைத்த பெண்களை நினைப்பவர்களுக்கு இதன் கூர்மை நன்கு விளங்கும்.

அமெரிக்காவில் மேரி புட்னம் ஜக்கோபி இன்னும் ஒருபடி மேலே சென்றார். பெண்களிடம் வினாக்கொத்துகளைக் கொடுத்து 268 பேரிடமிருந்து விடைகளைத் திரட்டினார். சிலரின் நாடித்துடிப்பையும் தசை வலுவையும் மாதம் முழுவதும் அளந்து பதிவு செய்தார். மாதவிடாய் நாளில் எல்லாப் பெண்களும் ஓய்ந்திருக்க வேண்டும் என்பதற்கு உடலில் எந்த அவசியமும் இல்லை என்று காட்டினார். அவ்வாராய்ச்சியை ஹார்வாட் பல்கலைக்கழகத்தின் பொயில்ஸ்ரன் பரிசுப் போட்டிக்கு அனுப்பினார். எழுதியவர் பெயர் தெரியாமல் மதிப்பிடும் போட்டி அது. 1876 ஆம் ஆண்டின் பரிசு அவருக்கே கிடைத்தது. பெண்களை மாணவராகச் சேர்க்காத ஒரு மருத்துவக் கல்லூரி, பெயரை மறைத்தபோது ஒரு பெண்ணின் ஆராய்ச்சியையே சிறந்ததெனக் கண்டது.

சரியான தரவு கிடைத்தவுடன் மனப்பாங்கு மாறிவிடும் என்று நினைத்தால் அதுவும் தவறு. கரெட் அன்டர்சன் 1873 இல் பிரித்தானிய மருத்துவச் சங்கத்தில் உறுப்பினரானார். 1878 இல் அச்சங்கம், இனிமேற் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தது. 1892 வரை அந்தத் தடை நீங்கவில்லை. அவ்வளவு காலமும் அவர் ஒருவரே அங்கு பெண் உறுப்பினர்.

நாணத்தின் பெயரால் திறந்த கதவு

எங்கள் பக்கத்துக் கதை சற்று வேறு. இங்கே கதவு உரிமையின் பெயரால் திறக்கவில்லை. ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டக் கூசி, பிரசவ வேதனையிலும் நோயிலும் பெண்கள் மடிந்த காரணத்தாலேயே அது திறந்தது.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவப் பள்ளியொன்றை நிறுவி, ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் முயற்சியால் தமிழுக்கு வந்த மருத்துவ நூல்களில் மகப்பேற்று மருத்துவ நூலும் ஒன்று. தமிழ் மண்ணில் அது பெருமைக்குரிய சாதனை. ஆயினும் அவரிடம் கற்று வைத்தியரானவர்கள் ஆண்கள். பிள்ளைப்பேற்று நூலைத் தமிழில் வாசிக்கக்கூடிய பெண்ணுக்கு அந்த வகுப்பில் இடமிருக்கவில்லை. ஆண்கள் கற்றுத் தேர்ந்தார்கள். அவர்களைப் பிரசவ அறைக்குள் விட வீட்டார் தயங்கினார்கள்.

1875 இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக் கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். அவர் பின்னர் இலண்டனில் உயர்பட்டம் பெற்றுத் திரும்பி, வெளியே வராத குலப்பெண்களுக்கெனச் சென்னையில் 1885 இல் ஒரு வைத்தியசாலையைத் தொடங்கக் காரணமாயிருந்தார். எடின்பரோவில் புலமைப்பரிசில் பறிக்கப்பட்ட ஈடித் பீச்சியும் 1883 இல் பம்பாய்க்கு வந்து பெண்களுக்கான காமா வைத்தியசாலையைப் பொறுப்பேற்றார். ஆண் வைத்தியருக்குச் சமமான ஊதியம் வேண்டுமென்று அவர் பேசினார். குழந்தை மணத்துக்கு எதிராகவும் பேசினார். புதுக்கோட்டையிற் பிறந்து 1912 இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927 இல் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்து, தேவதாசி முறையை ஒழிக்கக் குரல் கொடுத்தமை யாவரும் அறிந்ததே.

இலங்கையில் கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870 இல் நிறுவப்பட்டது. பெண்கள் அங்கு முதன்முதற் சேர்க்கப்பட்டது 1892 இல். பிரித்தானிய மருத்துவச் சங்கம் தன் தடையை நீக்கியதும் அதே ஆண்டிலேதான். யாழ்ப்பாணத்தில் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியோட் வைத்தியசாலை 1898 இல் அமைந்தது. அங்கு நெடுங்காலம் பணியாற்றிய டொக்டர் இசபெல்லா கர் அம்மையாரின் பெயரைக் குடாநாட்டின் மூத்த தலைமுறையினர் நன்றியோடு நினைவு கூர்வர்.

இந்த வழியில் வந்த நன்மை பெரிது. அதனோடு ஒரு வேலியும் வந்தது. பெண் வைத்தியர் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியவர் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. கதவைத் திறந்த அதே நாணம், உள்ளே சென்றவர்களை ஒரு மூலையில் இருத்தியது. இன்று உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவியிடம், 'பொம்பிளைப் பிள்ளைக்குக் கண், தோல், குழந்தை வைத்தியம் நல்லது பிள்ளை, சேர்ஜரி ஏன்?' என்று அன்போடு சொல்பவர்கள், தாம் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முந்திய ஏற்பாடொன்றையே திருப்பிச் சொல்கிறோம் என்பதை அறியார்.

டொக்டர் மேரி இரத்தினம்

இலங்கையில் வைத்தியத் தொழிலையும் பெண்ணுரிமையையும் ஒன்றாகக் கண்டவர் டொக்டர் மேரி இரத்தினம். 1873 இல் கனடாவிற் பிறந்த மேரி ஏர்வின், யாழ்ப்பாணத்தில் மிஷன் வைத்தியராகப் பணியாற்றவென 1896 இல் இலங்கைக்கு வந்தார். வருமுன்னரே தமிழரான எஸ். சி. க. இரத்தினத்தை மணந்திருந்தார். வெள்ளைக்காரப் பெண் தமிழரை மணந்ததை மிஷன் வட்டாரம் ஏற்றுக் கொள்ளவில்லை. அந்தப் பணி அவருக்குக் கிடைக்காமற் போயிற்று. கொழும்பில் பெண்களுக்கான லேடி ஹவ்லொக் வைத்தியசாலையிற் சிறிது காலம் கடமையாற்றிவிட்டுத் தாமே தனியாக வைத்தியம் செய்யத் தொடங்கினார்.

அவரிடம் வந்த பெண்களின் நோய்க்குக் காரணம் பல வேளைகளில் மருந்துப் புட்டிக்கு அப்பாற்பட்டிருந்தது. ஓயாத பிள்ளைப்பேறு, உடலைப் பற்றிய அறியாமை, கையிற் காசின்மை, தன் வாழ்வைப் பற்றிச் சொல்ல உரிமையின்மை ஆகியவற்றுக்கு மருந்து எழுத முடியாது. ஆகவே அவர் சங்கங்களை அமைத்தார். 1909 இல் உருவான தமிழ் மகளிர் சங்கத்திலும், 1927 இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு எழுந்த சங்கத்திலும் அவர் முன்னின்றார். 1931 இல் இலங்கைப் பெண்கள் ஆண்களோடு சமமாக வாக்குரிமை பெற்றனர். அதே காலப்பகுதியில் கிராமப் பெண்களுக்கென லங்கா மகிளா சமிதியை அவர் தொடங்கினார். பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல்கள் எழுதினார். 1930களில் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அன்று அது பேசக்கூடாத விடயம். 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். 1958 இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது.

எமது சங்கம் தொடங்கிய காலத்தில் இந்நாட்டுப் பெண்ணுக்கு வாக்கு இருக்கவில்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அதை வாங்கித் தந்தவர்களுள் ஒருவர் கழுத்தில் ஸ்ரெதஸ்கோப் தொங்கியது எமக்குப் பெருமை.

இன்று

இன்று எமது மருத்துவ பீடங்களில் மாணவிகள் பாதிக்கு மேல் இருக்கிறார்கள். 1978 இல் யாழ்ப்பாணத்திலும் மருத்துவ பீடம் தோன்றிவிட்டது. உடல் தாங்காது என்று இப்போது எவரும் நூல் எழுதுவதில்லை. ஆனால் மனப்பாங்கு வேறு உடை உடுத்து வருகிறது.

எம்மிற் பலர் விடுதிச் சுற்றை முடித்து, நோயைச் சொல்லி, மருந்தும் எழுதிய பின்னர் நோயாளியின் உறவினர், 'மிஸ்ஸி, டொக்டர் எப்ப வருவார்?' என்று கேட்டிருக்கிறார்கள். தாதியர் பணி எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. வெள்ளை உடையில் ஒரு பெண் நின்றால் அவர் வைத்தியராக இருக்க முடியாது என்ற முற்கோளே குறை. அப்பாமரரின் கேள்வியைச் சிரித்து விட்டுவிடலாம். சிரேஷ்ட வைத்தியர் ஒருவர் மாணவர் முன்னிலையில், 'நீர் கலியாணம் முடிச்சால் இந்த இடம் வீண்தானே' என்று சொல்வதைச் சிரித்து விட முடியாது. அப்படிச் சொல்லப்பட்டவர்கள் எம்மிடையே உள்ளனர். ஆண் வைத்தியரிடம் அவர் தகப்பனாகப் போவதைப் பற்றி அத்தகைய கேள்வி எழுவதில்லை.

இம்மனப்பாங்கினால் வருந்துவோர் வைத்தியர்கள் மட்டுமல்லர். நோயாளிகளே கூடுதலாக வருந்துகிறார்கள். 1977 இல் ஐக்கிய அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களைப் புதிய மருந்துகளின் ஆரம்பப் பரிசோதனைகளிலிருந்து விலக்கும்படி வழிகாட்டியது. அது மாற்றப்பட்டது 1993 இல். இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலும் ஆணுடலில் அளக்கப்பட்ட மருந்தைப் பெண்ணுடல் விழுங்கியது. மாரடைப்பு வந்த பெண்ணுக்கு நெஞ்சைப் பிழியும் நோவு இல்லாமல் மூச்சிரைப்பும் களைப்பும் குமட்டலும் மட்டும் இருக்கலாம். அதனை 'வாய்வு' என்றும் 'மனக்கவலை' என்றும் தள்ளிவிட்டால் உயிர் போகும். மாதவிடாய் நோவில் துடிக்கும் பிள்ளையிடம் 'எல்லாருக்கும் உள்ளதுதானே' என்று சொல்லி அனுப்பினால், கருப்பைக்கு வெளியே படரும் நோய் ஆண்டுக்கணக்கிற் கண்டுபிடிக்கப்படாமற் போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது முதல், கிராமம் கிராமமாக வீடு தேடிச் சென்றவர்கள் எமது மருத்துவமாதர்கள். 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்த நாட்டில், இன்று அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ முப்பதளவிற்கு இறங்கியுள்ளது. அந்தச் சாதனையில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆயினும் தான் மாதக்கணக்காகப் பார்த்து வரும் தாயைப் பற்றி மருத்துவமாது சொல்லும் சொல்லை, நேற்று வந்த இளம் வைத்தியர், ஆணாயினும் பெண்ணாயினும், காதில் வாங்காமல் விடுவதுண்டு. பெண்ணின் சொல்லுக்கு நிறை குறைவு என்ற பழைய வழக்கத்தைப் பெண்களும் கைக்கொள்ளலாம் என்பதற்கு இதுவே சான்று.

எமது பழைய மாணவிகளுக்கு

இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக் கொள்ளக்கூடியவை சில உண்டு. ஜெக்ஸ்-பிளேக் தனியே கேட்டபோது மறுக்கப்பட்டார். கூட்டாகக் கேட்டபோது கதவு திறந்தது. ஏவரி ஏட்டைத் திறந்து பார்த்தார். ஜக்கோபி அளந்து எழுதினார். ஆகவே தகாத சொல்லொன்று சொல்லப்பட்டால் அதனை நாளும் நேரமும் இட்டு எழுதி வையுங்கள். அருகில் நின்றவரின் துணையைத் தேடுங்கள். இருவராகவோ மூவராகவோ சென்று பேசுங்கள். சேற்றினிடையே துணை நடந்த ஆண் மாணவர்களை நினைத்து, உங்கள் சகோதரரையும் கணவரையும் மகனையும் இந்த உரையாடலுக்குள் அழையுங்கள். நடுவயதைத் தாண்டியவர்கள், இளையவர் ஒருவர் முறையிடும்போது 'எங்கட காலத்தில் இதைவிடப் பட்டனாங்கள்' என்று வாயை மூடிவிடாதிருங்கள்.

சங்கமாகவும் எம்மால் இயன்றது உண்டு. மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகும் மாணவிகளை ஆண்டுதோறும் மாலையிட்டு வாழ்த்துகிறோம். அவர்கள் உட்பயிற்சிக் காலத்துக்குள் நுழையும்போதும் பட்டப்பின் துறையைத் தெரிவு செய்யும்போதும், நம்பிப் பேசக்கூடிய ஒரு மூத்த பழைய மாணவியை ஒவ்வொருவருக்கும் காட்டிக் கொடுப்போமாயின் அதுவே பயனுள்ள மாலையாகும். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கும் எமது வைத்தியர்கள் இதற்குத் தங்கள் பெயர்களைச் சங்கத்திடம் தருவார்கள் என நம்புகிறோம். எமது பெயர்களை நாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

நூறாண்டு கண்ட சங்கம் மேலும் வளர எமது வாழ்த்துகள்.